பறிபோனது மவுண்ட் காக்ஸின் பெட்டி, பிட்காயின் இல்லை

"2014ல் பிட்காயினையே ஹேக் செய்துவிட்டார்கள், ஜப்பானும் உடனே தடை போட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. திருட்டு நடந்தது டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில், அதாவது பிட்காயினை வாங்கி விற்கும் சந்தையில். பிட்காயினின் பிளாக்செயின், அதாவது எல்லாப் பரிமாற்றமும் பதிவாகும் பொதுக் கணக்கேடு, அப்போதும் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. வங்கி லாக்கரை உடைத்தால் ரூபாய் நோட்டே கள்ளநோட்டு ஆகிவிடுமா என்ன?

அதுவும் ஒரே நாளில் நடந்ததில்லை, 2011லிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்த காசை யாரும் ஒழுங்காகக் கணக்குப் பார்க்காமல் விட்டு, 2014 பிப்ரவரியில் திவால் மனு போடும்போதுதான் சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றார்கள். அப்புறம் மார்ச்சில் பழைய வாலட் (பிட்காயினை வைக்கும் டிஜிட்டல் பணப்பை) ஒன்றில் சுமார் 2,00,000 கிடைத்ததாம்! கணக்கு வைத்திருந்த லட்சணம் அப்படி.

ஜப்பான் தடை எதுவும் போடவில்லை. எக்ஸ்சேஞ்சுகள் அரசிடம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அவ்வளவுதான். மவுண்ட் காக்ஸின் தலைமை அதிகாரி மார்க் கார்ப்பலேஸ் "திருடியதற்காக உள்ளே போனார்" என்பதும் சரியில்லை. 2019 தீர்ப்பில் கையாடல் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, கணக்குப் பதிவுகளைத் திருத்தியதற்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தார்கள். பணம் போட்டவர்களுக்கு பிட்காயின் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில்தான்.