சும்மா கிடக்கிற காணி

போன மாசம் கனடாவில இருந்து வந்து நிண்ட மாமாவை ஏத்திவிடக் கட்டுநாயக்க போகேக்க, ஹைவேயில ரெண்டு பக்கமும் புல்லும் நாணலும் தண்ணியுமா வருமே, முத்துராஜவெல, அதைப் பாத்திட்டு மனுசன் சொல்லுறார், "கொழும்புக்கு இவ்வளவு கிட்ட எவ்வளவு காணி சும்மா கிடக்குது பார்". நான் ஒண்டும் சொல்லேல்ல. பிளைட் ஏறப் போற ஆளோட என்ன சண்டை. ஆனா அந்த "சும்மா" இன்னும் மண்டைக்குள்ள நிக்குது, அதுதான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அந்தச் சதுப்பு கிட்டத்தட்ட 3,000 ஹெக்டேயர். அடியில கிடக்கிறதைச் சும்மா சேறு எண்டு நினைக்காதேங்கோ. செத்த புல்லும் வேரும் தண்ணிக்குள்ள அமிழ்ந்து, காத்துப் படாததால முழுசா உக்காமலே ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்காச் சேர்ந்தது, பீட் எண்டு சொல்லுவினம். அந்தப் புல்லு உயிரோட இருக்கேக்க காத்தில இருந்து எடுத்த காபன் அப்பிடியே கீழ படுத்துக் கிடக்குது. தண்ணி நிக்கும் மட்டும்தான் அது கிடக்கும். வாய்க்கால் வெட்டி வடிச்சு விட்டா காத்து உள்ள போகும், உக்கத் தொடங்கும், காபனீரொட்சைட்டாத் திரும்ப மேல வரும், நிலமும் பதிஞ்சுகொண்டே போகும். உலக நிலப்பரப்பில பீட் நிலம் 3 வீதமளவுதான், ஆனா உலகத்துக் காட்டு மரம் எல்லாத்துக்குள்ளயும் இருக்கிறதை விடக் கூடுதலான காபன் அதுக்குள்ள. அதுக்கு மேல மண்ணைக் கொட்டி பிளட் கட்டலாமே எண்டுதான் எங்களுக்கு யோசினை போகுது.

2018ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைச்சது, உலகத்தில முதல் 18 நகரத்தில ஒண்டு. சந்தோசம். அதுக்கு முதல் வருஷம் சித்திரைப் புதுவருஷத்தண்டு கொழும்புக்குப் பக்கத்தில மீதொட்டமுல்லயில குப்பைமேடு சரிஞ்சு 30 பேருக்கு மேல செத்தவை, மறந்திருக்க மாட்டியள். அதுவும் ஒரு காலத்தில ஆரோ "சும்மா கிடக்குது" எண்டு சொல்லிக் குப்பை கொட்டத் தொடங்கின பள்ளக் காணிதான்.

இப்ப எங்கட வீட்டுக் கதை. தெல்லிப்பழைக்கு அங்கால அப்பப்பான்ர காணி, 1990ல விட்டிட்டு வந்தது, பிறகு ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம், இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆரும் கால் வைக்கேல்ல. ஆமி விட்ட உடன போய்ப் பாத்தா வீட்டைக் காணேல்ல, பத்தைதான், வேம்பும் விளாத்தியும் முள்ளும். பெரியப்பா கிணத்தடி எங்க இருந்தது எண்டு பாக்க ஒரு இடத்தில மண்வெட்டியால கொத்தினார். எங்கட ஊர்ச் செம்மண் தெரியும்தானே, செக்கச் செவேல் எண்டு இருக்கும். அந்த இடத்தில கறுத்துப் போய், கையில அள்ளினா புட்டுக்குக் குழைச்ச மா மாதிரிக் கட்டியும் தூளுமா, ஒரு மண்புழுவும் நெளியுது. அவ்வளவு வருஷமா விழுந்த இலை உக்கிச் சேர்ந்த காபன்தான் அந்தக் கறுப்பு. (இதை ஆமி செய்த நன்மை எண்டு ஆரும் கொமெண்ட் போடாதேங்கோ, புளொக் பண்ணிப்போடுவன்.) அடுத்த கிழமை பெக்கோ, அதுதான் மண் கிண்டுற மெசின், வந்தது. காலமை வந்தவன் பின்னேரத்துக்குள்ள எல்லாத்தையும் புரட்டிக் குவிச்சு நெருப்பு வைச்சிட்டுப் போட்டான். மேல நிண்டது அண்டைக்கே புகையாப் போச்சு, மண்ணுக்க இருந்த காபன் உழ உழக் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். நாங்களும்தான் பாத்துக்கொண்டு நிண்டம், காசு குடுத்ததே நாங்கள்தான்.

மண்ணில ஒரு மீற்றர் ஆழத்துக்குள்ள இருக்கிற காபன் காத்து மண்டலத்தில இருக்கிறதை விட ஒண்டரை மடங்குக்கு மேல. அதாலதான் 2015 பாரிஸ் மாநாட்டில பிரான்ஸ்காரர் "ஆயிரத்துக்கு நாலு" எண்டு ஒண்டு தொடங்கினவை, வருஷம் 0.4 வீதப்படி மண்ணில காபனைக் கூட்டுவம் எண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட வெயிலுக்கு எதுவும் கெதியா உக்கிப்போகும். அப்பப்பா தோட்டத்தில கான் வெட்டி, பூவரசங் குழையும் கிளுவையும் வண்டில்ல கொண்டுவந்து போட்டு மிதிச்சு மூடுவார், குழை தாழ்க்கிறது எண்டு சொல்லுறது, ஒவ்வொரு போகத்துக்கும் செய்வார். ஒரு வருஷம் விட்டா மண் திரும்ப இளைச்சுப் போகும் எண்டு அவருக்குத் தெரியும், காபன் எண்ட சொல்லே கேள்விப்படாத மனுசன். பிறகு யூரியா பாக் வந்தது, குழை வெட்ட ஆளில்லாமப் போச்சு, ஆரைக் குறை சொல்லுறது. 2021ல அரசாங்கம் ஒரே அடியா இரசாயன உரத்தைத் தடை செய்து ஆறேழு மாசத்தில திரும்ப வாங்கின கூத்தை இதோட சேர்க்காதேங்கோ, வர்த்தமானி அடிச்சு மண்ணைத் தேற்ற ஏலாது.

அதோட மண்ணில சேரிறதுக்கும் ஒரு அளவிருக்கு, சில பத்து வருஷத்தில நிரம்பினா அதுக்கு மேல ஏறாது. அப்பிடிப்பட்ட மண்ணைக் காட்டி எங்கயோ ஒரு கொம்பனி காபன் கிரெடிட், அதாவது வேற இடத்தில சேர்ந்த காபனைத் தன்ர கணக்கில கழிக்கிற சீட்டு, வாங்கிக்கொண்டு தான் எரிக்கிற எண்ணெயை எரிச்சுக்கொண்டிருந்தா எனக்கு அது கணக்காப் படேல்ல. மண்ணுக்க போனது நாளைக்கு ஒரு பெக்கோவோட திரும்ப வரும், புகைக்கூண்டால போனது போனதுதான். எங்கட ஓபிஸிலயும் சுற்றாடல் தினத்துக்கு 100 கண்டு நட்டு போட்டோ எடுத்தவை, ஆவணியில பாத்தா ஈர்க்குக் குச்சிதான் நிக்குது. எனக்கு முதல்ல முத்துராஜவெலயை அப்பிடியே விட்டாக் காணும், கண்டை ஆறுதலா நடுவம்.

காணியில மூண்டு பரப்பு இன்னும் துப்புரவாக்கேல்ல. பெரியப்பா பெக்கோவுக்குச் சொல்லப்போறன் எண்டு நிக்கிறார், நான் இப்போதைக்கு மறிச்சு வைச்சிருக்கிறன். அந்தப் பக்கம் குழை தாழ்க்கத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா இன்பொக்ஸில சொல்லுங்கோ, நாள் கூலி இப்ப என்ன போகுது எண்டும் சொல்லுங்கோ.