70 மீட்டருக்கு எதுக்குங்க டிரைவர்?

தட்டை வீசிக் கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டம். மரங்களுக்கு நடுவே ஒரு சந்து, கூடை 70 மீட்டரில். பையிலிருந்து எல்லோரும் உருவுவது என்னவோ டிரைவரை, அதாவது தூர வீச்சுக்கான தட்டை; அதிலும் வேகம் 12 எண் போட்ட டெஸ்ட்ராயரைத்தான். அது பறக்க வேண்டிய வேகத்தில் அங்கே வீசவே முடியாது. மெதுவாக விட்டால், வலது கைக்காரரின் பேக்ஹேண்டில் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து முதல் மரத்திலேயே 'டொக்'. அப்புறம் புதரில் தேடல். விதிப்படி 3 நிமிஷம்தான், ஆனால் பின்னால் காத்து நிற்பவர்களுக்கு வேர் பிடிக்கும்வரை தேடுவார்கள்.

ஏவியார் மாதிரி பட்டர், அதாவது கிட்டத்து வீச்சுக்கான தட்டு, போதுமே! ஓடாமல் நின்று, தட்டின் முன்விளிம்பைத் தாழ்த்தி, கூடையைப் பார்க்காமல் மரங்களின் இடைவெளியைப் பார்த்து வீசினால் நேராகப் போகும்.

இதைவிட எரிச்சல், நிற்க இடமில்லையென்று கிளையை ஒடிப்பது. வீசிய தட்டு நின்ற இடத்தைக் காட்டும் அடையாளத் தட்டுக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், அதற்குள் ஒரு கால் பட்டால் சரி. முட்டி போட்டும் வீசலாம். தரையில் கிடக்கும் சுள்ளியை நகர்த்துங்கள், யார் கேட்டது? மரத்தோடு இருக்கும் கிளையை ஒடிக்க விதியே இடம் தரவில்லை. அந்தக் கிளைதானே ஐயா அங்கே ஆட்டமே!