2021-க்கு மேலே ஒரு வரி

அந்தப் பலகையை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து எனக்கு மூன்று குரூப்பில் வந்துவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு விழாவில் திறந்து வைத்தது. ‘மேல்நிலைப் பொதுத்தேர்வு தேர்ச்சி விழுக்காடு’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே முதல் வரி 2021, எதிரே 100. அங்கிருந்து ஒவ்வொரு வருடமாகப் பட்டியல் இறங்குகிறது.

எனக்கு முதலில் அனுப்பியவள் என் பழைய மாணவி. போட்டோவுக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தாள். “மிஸ், நாங்க எங்க மிஸ்?”

ராத்திரி முழுக்க அந்த வரிக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

உயர்நிலைப் பள்ளியாக இருந்தது மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது 2018-ல். அந்த ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் பிளஸ் டூ எழுதியது 2020 மார்ச்சில். இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமே இல்லை. முதல் செட் என்று ஒன்று இருந்தது. இருபத்தேழு பேர். நான்தான் அவர்களுக்கு வகுப்பாசிரியை, இயற்பியல் ஆசிரியையும்கூட.

2021-ல் பொதுத்தேர்வு நடக்கவில்லை. இரண்டாம் அலையில் ரத்து செய்தார்கள். பத்தாம் வகுப்புக்கு ஐம்பது, பதினொன்றுக்கு இருபது, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் முப்பது என்று கணக்குப் போட்டு மாநிலம் முழுக்க எல்லோரையும் தேர்ச்சி ஆக்கினார்கள். அந்தப் பிள்ளைகளும் என் பிள்ளைகள்தான். செல்போனில் சிக்னல் தேடி மாடிப்படியில் உட்கார்ந்து என் வகுப்பைக் கேட்டவர்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வே நடக்காத வருடம் முதல் வரியில் இருக்கிறது, எழுதித் தேறிய வருடம் பலகையிலேயே இல்லை. ஏன்? இருபத்தேழில் இருபத்துமூன்று, எண்பத்தைந்து சதவீதம். நூறுக்கு மேலே எண்பத்தைந்தை எழுதக் கூச்சமாக இருந்திருக்கிறது.

அந்த எண்பத்தைந்து எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

புதிதாகத் தரம் உயர்ந்த பள்ளியில் யார் வந்து சேர்வார்கள்? பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவர்களைப் பெற்றோர் பேர்பெற்ற பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் வருபவர்கள் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள், அப்புறம் ‘அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டாம்’ என்று வீட்டில் நிறுத்தி வைக்கப்பட்ட பெண்பிள்ளைகள். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். பக்கத்தில் பிளஸ் ஒன் திறக்காமல் இருந்திருந்தால் பத்தாவதோடு நின்றிருப்பார்கள். இதை அவர்கள் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சேர்ந்த வருடமே பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பாடத்திட்டம். அடுத்த வருடம் பிளஸ் டூவுக்கும் புதுசு. பாடத்துக்கு இரண்டு தொகுதி, தடித் தடியாக. கணக்குக்கு ஆசிரியர் வந்தது அரையாண்டுக்குப் பிறகுதான். எல்லாவற்றையும்விட, அவர்களுக்குச் சீனியர் என்று யாரும் கிடையாது. இது எவ்வளவு பெரிய இல்லாமை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். பழைய நோட்டுக் கொடுக்க ஆள் இல்லை, ரெக்கார்டு எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி காட்ட ஆள் இல்லை, ‘இந்தக் கேள்வி கட்டாயம் வரும்’ என்று பொய்யாகவாவது தைரியம் சொல்ல ஆள் இல்லை. புதுப் பாடம் என்பதால் முந்தைய வருட வினாத்தாளும் இல்லை.

என் பெரியண்ணன் இதே மாதிரி ஒரு முதல் செட். 1978-ல் பி.யூ.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பு போய் மேல்நிலைக் கல்வி வந்தபோது பிளஸ் ஒன் சேர்ந்து, 1980-ல் முதல் பிளஸ் டூ தேர்வு எழுதியவர். கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, பேப்பரைக் கையில் வாங்கிய பிறகு பெயர் எழுதவே கொஞ்ச நேரம் ஆனது என்று இன்றைக்கும் சொல்வார். அந்த வருடத்தை வீட்டில் ஒருத்தரும் மட்டமாகப் பேசியது கிடையாது. ‘முதல் பிளஸ் டூ’ என்றுதான் அப்பா எல்லோரிடமும் சொல்வார். அந்த மரியாதை என் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?

ஆய்வகம் என்று எங்களுக்கு இருந்தது பழைய நூலக அறை. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கியது. இரண்டு பையன்கள் அதைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் வைக்கும் கண்ணாடி முப்பட்டகம் தனியாக ஒரு பென்சில் டப்பாவுக்குள், கைக்குட்டை சுற்றி. சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் செக்கச்செவேல் என்று எரியும், ஐந்தாறு நிமிடம் கழித்துத்தான் மஞ்சளாகும். பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. விளக்கு கெட்டுப்போய்விட்டது, இரவல் சாமானைப் பாழாக்கிவிட்டோம் என்று ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். நிறம் மாறியது. அவளையே முதலில் தொலைநோக்கி வழியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையால் மெல்லத் திருப்பி, திருப்பி, “மிஸ், கோடு தெரியுது” என்றாள். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். இன்றைக்கு அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வகம் இருக்கிறது, சந்தோஷம். அந்தப் பள்ளியில் அந்த மஞ்சள் கோட்டை முதலில் பார்த்தவள் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?

2020 மார்ச் 24. கடைசித் தேர்வு, அவர்களுக்கு வேதியியல். அன்று மாலை 144 தடையுத்தரவு, நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் பள்ளியில் தேர்வு மையம் கிடையாது, வேறு பள்ளிக்குப் போய்த்தான் எழுத வேண்டும். ஒருத்திக்கு பஸ் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நிறுத்தத்தில் நின்றபடியே எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. “இனிமே என்ன மிஸ் பண்றது?” என்று மட்டும் கேட்டாள். அவளைப் போல வர முடியாமல் போனவர்களுக்கு ஜூலை 27-ல் மறுதேர்வு வைத்தார்கள். முகக்கவசத்தோடு போய் எழுதி, தேறினாள். மற்ற பள்ளிகளில் பிரிவு உபசார விழா, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. இவர்களுக்குத் தேர்வு முடிந்ததும் வைக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம்.

இப்போது சிலர் சொல்வது: “ஒரு பலகைக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?” பலகை சின்ன விஷயம்தான் என்றால், ஒரு வரி சேர்ப்பதும் சின்ன விஷயம்தானே. சேர்த்துவிடுங்கள்.

“இப்போது இருக்கும் ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுகிறீர்கள்” என்கிறார்கள். இல்லை. அவர்களில் இரண்டு பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய உழைப்பு எனக்குத் தெரியும்.

இன்னொருவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “குறைந்த சதவீதத்தைப் போட்டால் அந்தப் பிள்ளைகளுக்கே அவமானம், அவர்கள் நல்லதுக்காகத்தான் விட்டோம்.” அவர்களில் ஒருத்தரையாவது கேட்டீர்களா? தேறாத நான்கு பேரில் இரண்டு பேர் பிறகு எழுதித் தேறினார்கள். ஒருவன் டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கிறான். எனக்குப் போட்டோ அனுப்பியவள் யார் தெரியுமா? கணக்கில் தவறிய பெண். அரையாண்டு வரை ஆசிரியரே இல்லாமல் தொடங்கிய அதே கணக்கு. தன் பெயரை அவள் தேடவில்லை, தன் வருடத்தைத்தான் தேடினாள். அவமானம் என்று முடிவு செய்தது நீங்கள்.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது, பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்று. நாம் மட்டும் ஒரு வருடத்துப் பிள்ளைகளையே மறைத்துவைத்து நூறைத் தூக்கிப் பிடிக்கிறோம்.

கடைசியாக, “மாறுதல் வாங்கிக்கொண்டு போனவருக்கு இதில் என்ன அக்கறை?” யார் எழுதியது என்று தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். 2022 கலந்தாய்வில் நான் மாறுதல் வாங்கியது உண்மை. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார், பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் ஆள் இல்லை. அந்தப் பள்ளியில் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட அன்று நூலக அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். ஓடிப்போனவள் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். அதை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் மேல் காட்டாதீர்கள்.

என்னிடம் அவர்கள் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. செய்முறைத் தேர்வு முடிந்த அன்று செல்போனில் எடுத்தது. இருபத்துநான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள், ஒருவன்தான் போட்டோ எடுத்தான். அவன் விரல் ஒரு மூலையை மறைத்திருக்கிறது.

நேற்று அனுப்பிய பலகைப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்புக்கும் 2021-க்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது. பெயின்டில் எழுதிய பலகைதான். 2020, 85 என்று எழுத அந்த இடம் போதும். பெயின்டர் கூலியை நான் கொடுக்கிறேன்.