மூன்று வீடு இரண்டானது

எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் ஆற்றின் கரையோரம் பிறந்து வளர்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசு அவருக்கு நகரின் தென்கோடியில், பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தது. முன்பு நடந்தே வந்துவிடுவார். இப்போது நாலரை மணிக்கு எழுந்து, பஸ் மாறி, சுமார் 25 கிலோமீட்டர் வருகிறார். மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர் ஒன்றை விட்டுவிட்டார். அதையும் முடித்துவிட்டுப் போனால், அவருடைய மகள் இருட்டும்வரை வீட்டில் தனியாக இருக்க வேண்டுமாம்.

கான்கிரீட் கூரையும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் அவருக்குக் கிடைத்திருப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வீட்டைக் கொடுத்த கை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வெள்ளத்துக்குத் தப்ப வேண்டும் என்று ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால், தண்ணீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 2022இல் ராம்சார் தகுதி (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற அந்தச் சதுப்பு, ஒருகாலத்தில் இருந்த பரப்பில் சிறு பகுதிதான். மீதியில் குப்பைக் கிடங்கு, சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள். (கண்ணாடிக் கட்டடங்களை மட்டும் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.) 2023 டிசம்பரில் அந்தப் பக்கம் மறுபடியும் தண்ணீர் நின்றது.

நகரத் திட்டமிடல் என்றதும் மேம்பாலமும் மெட்ரோவும் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், யார் எங்கே குடியிருக்கலாம் என்ற முடிவுதான் அதன் உயிர்நாடி. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கிய காலத்தில், நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடற்கரையை ஒட்டியே அடுக்குமாடி கட்டியது. கட்டுமரத்தை விட்டு யாரும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் நகருக்குள் மனை விலை ஏற ஏற, ஏழைகளின் முகவரி மட்டும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று தெற்கே நகர்ந்துவிட்டது.

சென்னைப் பெருநகருக்காக 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026 வரை. அடுத்தது 2046 வரைக்குமானது. அதில் ஒவ்வொரு வட்டாரத்திலும், அடையாற்றிலும் நுங்கம்பாக்கத்திலும்கூட, குறைந்த வருமானக்காரர்களுக்கென்று நிலம் ஒதுக்கி வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். தாழ்வான நிலத்தில் வீடு கட்ட அனுமதியே கூடாது, அரசுக்கும்தான்.

இதற்கெல்லாம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் வருவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன்.

“எத்தனை மணிக்கு?” என்றார்.

பத்து மணி வாக்கில் இருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.