குழந்தை அதன் தகப்பன் கையில் இருந்தது

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு, எங்கள் கத்தோலிக்க ஆலயத்தில், திருக்குடும்ப விழாத் திருப்பலியில் (பூசையில்) நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் பார்த்தீர்கள். இல்லாதவர்களுக்கு அன்று மாலையே எங்கள் பங்கின் (ஆலயச் சமூகத்தின்) வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள், குழந்தை அழுதால் உடனே வெளியே எடுத்துச் சென்றுவிட வேண்டும் என்ற அந்த அறிவிப்பு யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதில் பங்கில் ஒருவருக்கும் ஐயமில்லை. பண்டிகைக் காலத்தில் மனக்கசப்பு வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். அந்த அறிவிப்புக்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அழுத குழந்தை தாயிடம் இல்லை. அது என் கையில் இருந்தது. தன் தகப்பன் கையில் இருந்தது.

என் மனைவி அப்போது பாடற்குழுவில் நின்றிருந்தாள். மகப்பேற்றுக்குப் பிறகு அவள் மீண்டும் பாட வந்தது அன்றுதான். கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்குக்கூடப் பனிக்கு அஞ்சி நாங்கள் குழந்தையை எடுத்து வரவில்லை. அவள் நிம்மதியாகப் பாடட்டும் என்பதற்காகவே மகளை நான் வைத்திருந்தேன். குருவின் மறையுரைக்கு (பிரசங்கத்துக்கு) நடுவில் மகள் அழத் தொடங்கியதும் எழுந்து பக்கவாட்டு வாசலருகே போய், தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். பொறுப்பில் உள்ள ஒருவர் எழுந்து வந்தார். என்னிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னைத் தாண்டிப் போய், பாடற்குழுவுக்குள் நுழைந்து, என் மனைவியிடம், "பிள்ளையை வாங்கிக்கிட்டு வெளியே போம்மா" என்றார். அவள் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு வந்தாள். காணிக்கைப் பாடலை மற்றவர்கள் பாடினார்கள்; அவள் வெளியே, டிசம்பர் மாதத்து நீலகிரிக் காற்றில் நின்றாள். என்னை அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான் அங்கே நிற்பதையே அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம். ஏரோது மன்னன் குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுகிறான். ஆண்டவரின் தூதர் கனவில் தோன்றி, எழுந்து குழந்தையையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகும்படி சொல்கிறார். யாரிடம் சொல்கிறார்? மரியாவின் கணவர் யோசேப்பிடம். நான்கு நற்செய்திகளிலும் ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்த மனிதரை நம்பித்தான் கடவுள் தம் மகனை ஒப்படைத்தார். அந்த யோசேப்பை 1870இல் அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலர் என்று அறிவித்தோம். அதன் 150ஆம் ஆண்டை முன்னிட்டு, 2020 டிசம்பரில், திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் யோசேப்பைப் பற்றித் திருத்தூது மடலே எழுதி, குழந்தையை உலகுக்குக் கொண்டுவருவதால் மட்டும் ஒருவன் தந்தையாகிவிடுவதில்லை, அதைப் பேணும் பொறுப்பை ஏற்பதால்தான் தந்தையாகிறான் என்று சொன்னார். இந்த நற்செய்தி வாசிக்கப்பட்ட சில நிமிடங்களில், அதே ஆலயத்தில், பேணிக்கொண்டிருந்த தகப்பனைத் தாண்டிப் போய்த் தாயைத் தேடியிருக்கிறோம்.

"பசித்து அழும் குழந்தைக்குத் தாயால்தானே பால் கொடுக்க முடியும், உன்னால் முடியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார் என்று நம்புகிறேன். முடியாது. ஆனால் குழந்தை அழுதால் அது பசிதான் என்று யார் சொன்னது? பசிக்கு அழும்போது என் மகள் வாயைத் திருப்பித் திருப்பி என் தோளில் தேடுவாள், முஷ்டியைச் சூப்புவாள். வயிற்றில் காற்று நின்றால் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க வீறிடுவாள். தூக்கம் வந்தால் சிணுங்கல், காதைத் தேய்த்துக்கொள்வது. ஈரமானால் விட்டு விட்டு அழுகை. கம்பளித் தொப்பியையும் ஸ்வெட்டரையும் போட்டு, கூட்டம் நிறைந்த ஆலயத்துக்குள் கொண்டு வந்தால் கழுத்து வியர்த்து அதற்கும் ஓர் அழுகை உண்டு. இவை எல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் இரவில் பால் குடித்து முடித்ததும் அவளை வாங்கித் தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை அறைக்குள் நடப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதது காற்றுக்கு. திருப்பலிக்கு முன்பே வயிறு நிறையக் குடித்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என் தோளிலேயே தூங்கியிருப்பாள்.

இந்தக் கையும் தோளும் அவளுக்குப் புதியவை அல்ல. மகள் பிறக்கும்போது எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. மனைவிக்கு அறுவைச் சிகிச்சை; எழுந்து உட்காரவே முடியாத நிலை. கங்காரு முறையில் குழந்தையை வைத்திருக்க வேண்டும், தாய் தேறும்வரை தகப்பன் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை அது. குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் டயப்பரும் மட்டும் போட்டு, சட்டையில்லாத நெஞ்சில் நேராகப் படுக்கவைத்து, மேலே துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். உடம்புச் சூடு குழந்தைக்கு இறங்கும். மூச்சும் நாடித்துடிப்பும் சீராகும். வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்க, நான் மணிக்கணக்கில் அசையாமல் சாய்ந்து கிடந்தேன். அந்த நெஞ்சுச் சூட்டில் அவள் எடை கூடியது. அந்தச் சூட்டை அறிந்த பிள்ளையைத்தான் என் தோளிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி என் மனைவியிடம் சொன்னார்கள்.

மலையில் கைக்குழந்தை வளர்ப்பது என்றால் என்ன என்று கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு முழுவதும் புரியாது. இங்கே இருப்பவர்களுக்கும் பலருக்குப் புரியாது என்பதுதான் என் வருத்தம், ஏனென்றால் இங்கே அந்த வேலை ஆண்கள் கண்ணில் படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூத்திரத்துணி நாள்கணக்கில் காயாது. காய்ந்தது போல இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். அதை இஸ்திரி போட்டுச் சூடாக்கி, ஆறவிட்டுக் கட்ட வேண்டும். கரி அடுப்பை அறைக்குள் வைத்தால் சீக்கிரம் காயும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மூடிய அறையில் கரியைக் கனியவிட்டுத் தூங்கியவர்கள் அந்தப் புகையில் எழுந்திருக்காமல் போன செய்திகள் உதகையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருப்பதால் நான் அதற்கு ஒப்பவில்லை. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டச் சொன்ன என் அம்மாவிடமும், சன்னல் திறக்க முடியாத குளிரில் புகை குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். வெந்நீர் வைப்பது, துணி அலசுவது, நகம் வெட்டுவது, தடுப்பூசி போட்ட இரவில் காய்ச்சல் பார்த்துக்கொண்டு விழித்திருப்பது, இவற்றில் எதையும் நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த வேலைகளைச் செய்கிறவன் ஆலயத்தில் குழந்தையை வைத்திருக்கத் தகுதியில்லாதவனா என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

"மற்றவர்களின் செபம் கலைகிறதே" என்பார்கள். கலையும், ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் இருக்கையை விட்டு எழுந்து வாசலருகே போனேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? 2014 ஜனவரியில், ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நான) விழாவன்று, வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்து அழும் பிள்ளைகளுக்கு அங்கேயே பால் கொடுக்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் தாய்மாரிடம் சொன்னார். மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே ஒலிக்கலாம் என்ற அழுகை எங்கள் பங்கில் ஒலிக்கக் கூடாதா? பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்று திருச்சபைச் சட்டம் 867 சொல்கிறது. அதற்குக் கீழ்ப்படிந்துதான் கொண்டு வந்தோம். திருமுழுக்கு பெற்றவள் அவள். இந்த மக்களில் ஒருத்தி அவள்.

அந்தத் திருமுழுக்கு நாளையும் சொல்ல வேண்டும். பாஸ்காத் திரியிலிருந்து மகளின் மெழுகுதிரியை ஏற்றியவன் நான். சடங்கின் முடிவில் குரு தாயை ஆசீர்வதித்த பின் தந்தையையும் தனியே ஆசீர்வதித்து, இவரும் இவர் மனைவியும் இந்தக் குழந்தைக்கு நம்பிக்கையின் முதல் ஆசிரியர்களாக இருப்பார்கள் என்று சொன்னார். சபையார் அனைவரும் ஆமென் சொன்னீர்கள். என் தோளைத் தாண்டிப் போனவரும் சொன்னார். இஸ்ரயேலுக்கு நடை பழக்கியதையும் கையில் ஏந்தியதையும் கடவுளே ஓசேயா பதினோராம் அதிகாரத்தில் தம் வாயால் சொல்கிறார். பிள்ளையை ஏந்துவது கடவுளுக்கு இழுக்கில்லை என்றால் இந்தப் பங்கில் ஓர் ஆணுக்கு எப்படி இழுக்காகும்?

என் தாத்தாவும் பாட்டியும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். அம்மா தோட்டத்தில் இலை எடுத்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தபோது, குழந்தைக் காப்பகம் வேண்டுமா என்பதை அங்கே வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கையை வைத்தே தீர்மானித்தது. பிள்ளை என்றால் அது பெண்ணின் கணக்கு. எனக்குக் காப்பகம் ஒத்துக்கொள்ளவில்லை, போனாலே சளி. அதனால் அப்பா இரவெல்லாம் இயந்திரத்தோடு நின்றுவிட்டு, காலையில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வந்து, அம்மா வேலைக்குப் போனதும் என்னைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து தூங்குவாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள் என்றும், அதன்பிறகு வாசலிலேயே என்னை அம்மாவிடம் கொடுத்துவிடுவார் என்றும் அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லை. திருக்குடும்ப விழாவன்று அவர் பின்வரிசையில் இருந்தார், எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "விட்டுடுப்பா, நமக்கு எதுக்கு" என்றார். நான் விடாமல் எழுதுவதற்குக் காரணம் அந்த வார்த்தைதான். அவர் விட்டுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே இடத்தில் நானும் விட வேண்டுமா?

பங்கு விஷயத்தை முகநூலில் போடலாமா, திருச்சபைக்கு அவப்பெயர் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: எங்களைப் பற்றிய அறிவிப்பை நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் முதலில் போட்டது நான் அல்ல. நான் பங்கின் பெயரையோ யாருடைய பெயரையோ எழுதவில்லை; எழுதவும் மாட்டேன். பங்குத்தந்தையிடம் நேரில் பேசினேன், பொறுமையாகக் கேட்டார். திருச்சபையின் மீது எனக்குக் கோபமில்லை. திருச்சபை என்னிடம் ஒப்படைத்த பொறுப்பைச் செய்ய என்னை விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பொண்டாட்டிதாசன் என்று எழுதிய உறவினருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. அவர் தன் பிள்ளைகளை ஓர் இரவாவது தூங்க வைத்திருந்தால் அந்தச் சொல் அவர் கைக்கு வந்திருக்காது. மத்திய அரசு தன் ஆண் ஊழியருக்கே 15 நாள்தான் தந்தைமை விடுப்பு தருகிறது. என்னைப் போலத் தனியார் நிறுவனத்தில் இருப்பவனுக்குச் சட்டம் ஒரு நாளும் தரச் சொல்லவில்லை. சம்பளத்தை இழந்துதான் மகளோடு இருந்தேன். அதற்காக யாரும் பாராட்ட வேண்டாம். கோயிலில் என் மனைவியை நிம்மதியாகப் பாட விட்டால் போதும்.

நான் கேட்பது இதுதான். அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அழுகிற குழந்தையோடு ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும் என்றால், ஒலிபெருக்கி கேட்கும்படியும் காற்று அடிக்காமலும் பக்கத்து அறையைத் தயார் செய்வோம். சுத்தம் செய்யவும் வெள்ளையடிக்கவும் நான் வருகிறேன், இன்னும் இரண்டு மூன்று இளம் தகப்பன்மார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே தகப்பனும் குழந்தையோடு உட்காரலாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். குழந்தையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அதை வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள்.

புதன்கிழமை மகளுக்குப் பதினான்காம் வாரத் தடுப்பூசி. அன்றும் மறுநாளும் காய்ச்சல் இருக்கும், பின்னூட்டங்களுக்குப் பதில் எழுத நேரம் இருக்காது. பேச விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். தேநீர் தருகிறேன், கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையையும் தூக்கலாம்.