அட்டைப்பெட்டி அடுக்கிய அறை

வேலைக்குப் போகும் தாய் குழந்தையை எங்கே விடுவது என்பது பற்றிய கட்டுரை, குழந்தைக் காப்பகத்தைவிடத் தெரிந்தவர் வீடே மேல் என்று முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். மகளை 10 மாதத்தில் பக்கத்துத் தெரு அக்கா வீட்டில்தான் விட்டேன். தூளி கட்டி, ராகிக்கூழ் ஊட்டி, பெற்ற பிள்ளையாகவே பார்த்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் அன்று சம்பளம் இல்லை. ஒரு நாள் நெற்றியில் புடைப்போடு மகளை வாங்கினேன், கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறாள். 5 பிள்ளைகளை ஒற்றை ஆளாக எப்படிப் பார்ப்பார்? அவரைக் கோபிக்க மனம் வரவில்லை.

இப்போது காப்பகம். என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று நோட்டில் எழுதித் தருகிறார்கள். ஆனால் மாலை 6 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். என் வேலை முடிய 8 ஆகிறது. அந்த 2 மணி நேரம் மறுபடியும் அக்கா வீடுதான்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கம்பெனியில் 200 பேருக்கு மேல் இருக்கிறோம். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.