கண்ணில் படாத பாகங்களுக்கே முதல் செலவு

முதன்முறையாகத் தாமே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் யாராக இருந்தாலும், பேச்சு இரண்டு பாகங்களைத்தான் சுற்றி வருகிறது: எந்த பிராசஸர், எந்த கிராபிக்ஸ் கார்டு. கையில் உள்ள பணத்தில் முக்கால்வாசியை அந்த இரண்டுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் மீதியில் எல்லாப் பாகங்களும் செருகப்படும் மதர்போர்டு, மின்சாரம் தரும் பவர் சப்ளை, அத்தனையையும் அடக்கும் கேபினட் எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுகிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு என்பது என் உறுதியான கருத்து. நீண்ட காலம் நிலைக்கும் பாகங்களுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். சீக்கிரம் பழசாகும் பாகங்களில் கையை இறுக்குங்கள்.

ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவை இன்டெல் நிறுவனம் 1995-இல் அறிவித்தது. நீளம் 305 மில்லிமீட்டர், அகலம் 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதுவரை வரையறுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த அளவு நிற்கிறது. அதனால் இன்று வாங்கும் ஒரு நல்ல கேபினட், அடுத்த போர்டுக்கும் அதற்கடுத்த போர்டுக்கும் வீடாக இருக்க முடியும். நல்ல பவர் சப்ளைகளுக்குப் பத்து ஆண்டு வாரண்டி தருகிறார்கள். கிராபிக்ஸ் கார்டில் அப்படியில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை வந்து, நேற்றுவரை உச்சியில் இருந்ததை நடுவரிசைக்குத் தள்ளிவிடுகிறது.

மதர்போர்டு விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். 2017-இல் முதல் தலைமுறை ரைசன் பிராசஸரோடு ஒரு தரமான போர்டை வாங்கியவர்களில் பலர், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியபோது, முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் இல்லை. அந்தச் சிக்கல் வந்தபோது இவர்கள் மாற்ற வேண்டியிருந்தது பிராசஸர் ஒன்றை மட்டும்தான். முழுக் கம்ப்யூட்டரையும் தூக்கிப்போட வேண்டிய நிலை வரவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது. ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

எல்லா சாக்கெட்டுகளும் இத்தனை காலம் வாழ்வதில்லை. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021-இல் வந்தது. 2024-இல் அதன் இடத்தை எல்ஜிஏ 1851 பிடித்துவிட்டது. ஆகவே போர்டு வாங்கும் முன் அதன் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை தலைமுறை பாக்கி இருக்கிறது என்று விசாரியுங்கள். போர்டில் எரியும் வண்ண விளக்குகளைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இப்போது பவர் சப்ளை. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியின் மேல் 600 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையைப் படியுங்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலான மின்சாரத்தை அதிலிருந்துதான் எடுக்கின்றன. 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 600 வாட். வெளியே 600 என்று போட்டுவிட்டு அட்டவணையில் 30 ஆம்பியர் மட்டும் காட்டினால், உங்களுக்கு உருப்படியாகக் கிடைக்கப்போவது 360 வாட்தான்.

பவர் சப்ளைகளில் காணும் 80 பிளஸ் முத்திரையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது முக்கியமாக அளப்பது, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்ற செயல்திறனைத்தான். 90 சதவீதத் திறன் கொண்ட பவர் சப்ளை, உள்ளே 450 வாட் தேவைப்படும்போது சுவரிலிருந்து 500 வாட் இழுக்கும். மீதி 50 வாட் வெப்பமாகப் போகும். அவ்வளவுதான் அந்த முத்திரையின் பொருள். மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் எந்தத் தரம் என்பதையெல்லாம் முத்திரை சொல்லாது. அதற்கு, அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தவர்களின் விமர்சனங்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஒரு மாடல் அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருப்பது சகஜம். ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வாட் கணக்கில் கொஞ்சம் இடம் விட்டு வாங்குவதும் அவசியம். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான நொடித்துளிகளில், தங்கள் வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்குவரை மின்சாரத்தை இழுத்துவிட்டு அடங்குகின்றன. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே எழுதப்பட்டது என்று சொல்லலாம்: பவர் சப்ளை தன் அளவைப்போல் இருமடங்கு சுமையை மிகச் சிறு கணத்துக்குத் தாங்க வேண்டும். இந்தக் குறிப்பு இருக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாடுலர் பவர் சப்ளைகளில், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகவே கூடாது. மதர்போர்டுப் பக்கம் இருக்கும் முனைக்குப் பொதுவான வரையறை உண்டு. பவர் சப்ளைப் பக்க முனைக்குக் கிடையாது. முனை அழகாகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாயலாம். பாய்ந்தால் ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ அந்த நொடியிலேயே கருகிவிடும். அதிலிருந்த புகைப்படங்களும் ஆவணங்களும் போய்விடும். புது பவர் சப்ளை வாங்கினால் பழைய கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, அதனோடு வந்தவற்றை மட்டும் போடுங்கள்.

கேபினட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து மூடியதைவிட வலை வைத்தது நல்லது. காற்று உள்ளே போனால்தான் மற்றவை பிழைக்கும். பிராசஸரின் மேல் பொருத்தும் கூலரின் உயரத்தையும் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதில் கையை இறுக்குவது? பிராசஸரில். எழுதுவது, படிப்பது, கணக்குப் போடுவது, படங்களைத் திருத்துவது, ஓரளவு நிரல் எழுதுவது ஆகிய வேலைகளுக்கு ஆறு கோர் கொண்ட நடுத்தரப் பிராசஸர் தாராளமாகப் போதும். அதிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால் தனி கார்டைத் தள்ளிப்போடலாம். இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி இல்லை என்று அர்த்தம். கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் ஒன்றும் வராது. ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு வகைகளுக்கும் 288 முனைகள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. 32 ஜிபி வேண்டுமென்றால் ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 16 ஜிபியாக வாங்குங்கள். ரேம் செருக நான்கு இடங்கள் உள்ள பெரும்பாலான போர்டுகளில், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். பிறகு பயாஸுக்குள் போய் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அண்மையில் என் அக்கா மகன் தன் முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை வைத்தது முழுக்க அவன்தான். பிராசஸர் பொருத்தும் கட்டத்தில்தான் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 நுண்ணிய ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு போயிற்று. லீவரை விடுவித்து, இரும்புச் சட்டத்தைத் தூக்கி, பிராசஸரின் மூலையில் இருக்கும் சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்துப்பார்த்து, அழுத்தாமல் அப்படியே வைத்தான். சட்டத்தை மூடி லீவரை இறக்கும்போது அது நன்றாக எதிர்த்தது. நறநறவென்று ஒரு சத்தமும் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு, “மாமா, உடைந்துவிடும் போலிருக்கிறதே” என்றான். “உடையாது. அது அப்படித்தான் இறுகும். இன்னும் அழுத்து” என்றேன். கடைசிக் கட்டத்தில் மேலே இருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி விழுந்தது. அது அப்படி விழவேண்டியதுதான்.

எல்லாம் முடித்து சுவிட்சை அழுத்தினான். ஃபேன்கள் சுற்றின, திரை கருப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில், ரேமைக் குறிக்கும் டிராம் என்ற எழுத்தின் அருகே ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் மின்சாரத்தைத் துண்டிக்கக் கையை நீட்டினான், நான் தடுத்தேன். டிடிஆர்5 ரேம் முதன்முறை உயிர்பெறும்போது, போர்டு அதனோடு தன் நேரக்கணக்குகளை ஒத்துப்பார்த்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். சில போர்டுகளில் இன்னும் கூட. இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல ரேமைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் பயாஸ் திரை வந்தது. உள்ளே எது என்ன செய்கிறது என்று இனி அவனுக்குத் தெரியும். நாளை ஒரு ஃபேன் நின்றாலும் அவன் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருவான்.

எல்லோரும் தாமே அசெம்பிள் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை என்றால் லேப்டாப்தான் சரி. கிராபிக்ஸ் கார்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய 2021-இல் பல இடங்களில் தயார்நிலைக் கம்ப்யூட்டர்தான் மலிவாக இருந்தது. ஆனால் வாங்கும் முன் அதன் உட்புறத்தைப் பாருங்கள். போர்டும் பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருந்தால், ஒன்று பழுதானால் சந்தையில் கிடைக்கும் எதையும் அங்கே பொருத்த முடியாது. நான் கவலைப்படுவது அதற்குத்தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நிலைக்கும் பாகங்களுக்கு முதலிடம் என்றேன். அதற்காக இந்த மாதம் பவர் சப்ளை, மூன்று மாதம் கழித்துப் போர்டு, அடுத்த ஆண்டு பிராசஸர் என்று வாங்கிச் சேர்க்காதீர்கள். பிராசஸர் இல்லாமல் போர்டைச் சோதிக்க முடியாது. பழுதான பொருள் என்று தெரிவதற்குள் மாற்றித் தரும் கெடு முடிந்துவிடும், வாரண்டியும் பெட்டிக்குள்ளேயே கரையும். திரையில் பயாஸ் வருவதற்குத் தேவையான அத்தனையும் ஒரே சமயத்தில் வாங்குங்கள், கையோடு பொருத்திச் சோதித்துவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள், நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்கிறேன். பவர் சப்ளையின் முழு மாடல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.